கேமுக்கு முன்னால் கன்வர்ட்டர்

பழைய அமெரிக்க வி8 வண்டிகளோடு கொஞ்ச நாள் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சிக்னலில் நிற்கும்போது சீராக ஓடாமல், விட்டு விட்டு, வண்டியே லேசாகக் குலுங்க, சைலன்சர் வழியாக வரும் அந்த ஐடில் உறுமல். நடைபாதையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து லேனில் நிற்பவர் கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலை உயர்த்துவார். எனக்கும் அது பிடிக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பல பேர் கேம்ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) வாங்குவதே அந்தச் சத்தத்துக்காகத்தான் என்பதும், மாட்டிய பிறகு வண்டியை வெளியே எடுக்கவே யோசிக்கிறார்கள் என்பதும் ரொம்ப நாளாக எனக்கு ஓர் உறுத்தல். டெட்ராய்ட் பக்கம் குடியிருந்தால் இந்தக் கதையை அடிக்கடி பார்க்கலாம். பார்த்துப் பார்த்துச் செலவு செய்து கட்டிய வண்டி, ஓரிரு கோடை கழித்து "அதிகம் ஓட்டவில்லை" என்ற வரியோடு விற்பனைக்கு வரும்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, எங்கள் வாசலில் நின்ற நண்பரின் ஷெவர்லே ஷெவெல் ஓடுவதைக் கேட்டுவிட்டு, "ஏன்டா, இது இப்படித் திக்கித் திணறுது? மெக்கானிக்கிட்ட காட்டக் கூடாதா?" என்றார். நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அம்மா சொன்னது அப்படியே உண்மை. அந்த வேகத்தில் அந்த இன்ஜின் திணறத்தான் செய்கிறது. பெரிய கேமில், அதாவது வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் கேமில், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்கு வெகு முன்பே, கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். ஐடிலில் கார்புரேட்டரின் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம். எக்ஸாஸ்ட் பக்கம் அழுத்தம் அதிகம். எரிந்து முடிந்த புகை வெளியே போவதற்குப் பதிலாக உள்பக்கம் திரும்பி, அடுத்து வரும் பெட்ரோல் கலவையோடு சேர்ந்துவிடுகிறது. அதனால் ஒரு சுற்று சரியாக எரிவதில்லை, அடுத்தது நன்றாக எரிகிறது, அதற்கடுத்தது மறுபடி சொதப்புகிறது. நாம் காசு கொடுத்து வாங்குகிற தாளம் இந்தச் சொதப்பல்தான். இன்ஜின் 5,000, 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது இதே ஓவர்லாப், வெளியேறும் புகையின் வேகத்தை வைத்தே புதுக் கலவையை உள்ளே இழுத்து சிலிண்டரை நிரப்பித் தரும். அங்கே அது வரம். நாம் அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறோம்?

என்னுடையது 1972 ஷெவர்லே நோவா. 350 கன அங்குல இன்ஜின், நாலு பேரல் கார்புரேட்டர், தொழிற்சாலைக் கணக்கில் 200 குதிரைத் திறன், டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன், பின் ஆக்ஸிலில் 3.08 விகிதக் கியர். வாங்கும்போதே கேமில் ஓர் எக்ஸாஸ்ட் லோப், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு, தேய்ந்திருந்தது. அந்தக் காலத்து ஃப்ளாட் டாப்பெட் கேமில், லோபின் தள்ளலை வால்வுப் பக்கம் கடத்தும் லிஃப்டர், லோபின் மேல் நேரடியாக உரசியபடி ஓடும். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான். எப்படியும் கேம் மாற்றியாக வேண்டும். எந்தக் கேம் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள், பெரும்பாலும் பெரிய நம்பர். கன்வர்ட்டர், அதாவது ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் நடுவில் கிளட்ச் வேலை பார்க்கும் உருப்படி, என்ன இருக்கிறது என்று ஒருவர்கூட முதலில் கேட்கவில்லை. கேமை முடிவு செய், அதற்கேற்ற கன்வர்ட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே இதுதான் எழுதாத சட்டம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

கேம் கார்டில் இருப்பது

கேம் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் முதலில் எல்லார் கண்ணும் போவது லிஃப்டுக்கு, அதாவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதற்கு. அடுத்து டியூரேஷன், எத்தனை டிகிரி கிராங்க் சுழலும் வரை அது திறந்திருக்கிறது என்பது. இந்த டியூரேஷன் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். பெட்டியின் மேல் பெரிதாக இருப்பதை நம்பி இரண்டு கம்பெனிகளின் கேம்களை ஒப்பிட முடியாது, ஏனென்றால் லிஃப்டர் எவ்வளவு உயர்ந்த பிறகு அளக்கத் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த பிறகு அளக்கும் எண்தான் பொது அளவுகோல்.

ஸ்மால் பிளாக் ஷெவிக்கு (என் 350உம் இந்த ஷெவர்லே இன்ஜின் குடும்பம்தான்) பலரும் வாங்கும் காம்ப் கேம்ஸ் கம்பெனியின் எக்ஸ்ட்ரீம் எனர்ஜி வரிசையையே எடுத்துக்கொள்வோம். 262 என்ற கேம் 0.050இல் 218/224 டிகிரி (முதல் எண் இன்டேக், அடுத்தது எக்ஸாஸ்ட்), லிஃப்ட் 0.462/0.469 அங்குலம். அதே வரிசையின் 284 கேம் 240/246 டிகிரி, லிஃப்ட் 0.507/0.510. இரண்டிலும் லோப் செபரேஷன், அதாவது இன்டேக் லோபுக்கும் எக்ஸாஸ்ட் லோபுக்கும் நடுவிலுள்ள கோணம், 110 டிகிரிதான். ஆனால் பெட்டியின் மேல் போடும் முழு டியூரேஷனை வைத்து ஓவர்லாப் கணக்குப் போட்டால் முதலாவதில் 46 டிகிரி, இரண்டாவதில் 70. எல்லாரும் ஆசைப்படும் உறுமல் அந்த 70இல் இருக்கிறது. வேலை செய்யும் ஆர்.பி.எம். என்று கம்பெனி போடுவது 262க்கு 1,300 முதல் 5,600 வரை. 284க்கு 2,300 முதல் 6,500 வரை. மேல் எண்ணைப் படிக்கும் ஆர்வத்தில் கீழ் எண்ணை யாரும் படிப்பதில்லை.

நான் அட்டையில் தேடுவது வேறொன்று: இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது? பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். 262இல் அடிமட்டம் தாண்டி 57 டிகிரி வரை, 284இல் 68 டிகிரி வரை. வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் கலவைக்கு அந்த நேரமும் தேவை. மெதுவாக ஓடும்போது ஏறிவரும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். வால்வு மூடிய பிறகு மிச்சம் இருப்பதைத்தான் இன்ஜின் அழுத்த முடியும். என் இன்ஜினின் கம்ப்ரெஷன் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு) காகிதத்தில் 8.5:1. மூடும் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 262இல் அது சுமார் 7.2 ஆகிறது, 284இல் 6.7க்குக் கிட்டே. ஏற்கெனவே குறைவான இடத்தில் இன்னும் அரைப் புள்ளி போகிறது. 1971இல் ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ், ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகத் தன் இன்ஜின்கள் எல்லாவற்றிலும் கம்ப்ரெஷனைக் குறைத்தது. அதற்கு முந்தைய வருடத்து ஷெவர்லே எல்டி-1 இன்ஜினில் 11:1. அந்த இன்ஜினில் பெரிய கேம் போட்டு ஓட்டியவர் அனுபவத்தோடு சொல்லும் யோசனை அவருக்குச் சரி. அதை அப்படியே 1972 இன்ஜினுக்குக் கொண்டுவந்தால் கீழ் வேகத்தில் இழுவையே இருக்காது.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 1967இல் வந்த முதல் கமாரோ இசட்/28ஐப் பாருங்கள். ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று செய்த 302 இன்ஜின். உள்ளே "30-30" என்று இன்றும் பேர் சொல்லும் கேம், 0.050இல் 254 டிகிரி. இரண்டு பக்கமும் வால்வு இடைவெளி 0.030 அங்குலம் வைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். அந்த வண்டியை ஆட்டோமேட்டிக்கோடு கேட்டால் கிடைக்காது. 1969 வரை நாலு கியர் மேனுவல் மட்டும்தான். 1970இல் 350 கன அங்குல எல்டி-1 இன்ஜினும் கொஞ்சம் சாந்தமான கேமும் வந்த பிறகுதான் இசட்/28க்கு ஆட்டோமேட்டிக் கொடுத்தார்கள். கேமையும் டிரான்ஸ்மிஷனையும் அவர்கள் ஒரே மேஜையில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். நாம்தான் கேமை இந்த மாதச் சம்பளத்திலும் கன்வர்ட்டரை "பிறகு பார்க்கலாம்" கணக்கிலும் வைக்கிறோம். காரணமும் தெரிந்ததே: ஃப்ளாட் டாப்பெட் கேமும் லிஃப்டர்களும் சேர்ந்து ஆகும் செலவைவிட ஒரு நல்ல கன்வர்ட்டரின் விலை அதிகம். அதோடு கன்வர்ட்டர் சத்தம் போடாது. ஹூடைத் திறந்தாலும் கண்ணில் படாது.

வுட்வர்டில்

எனக்கு இந்த விஷயம் தெளிந்தது நண்பரின் ஷெவெலில்தான். அவர் கோயம்புத்தூர்க்காரர், லேத் பட்டறை வைத்திருந்த குடும்பம். டயல் கேஜைக் கையில் கொடுத்தால் சோறு தண்ணி மறந்துவிடுவார். கேமை டிகிரி வீல் வைத்து அளந்து மாட்டியவர். வேலையில் குறை சொல்ல முடியாது. வண்டி 1969 மாடல், 350, உள்ளே 284 கேம், பின்னால் 3.31 கியர், டிரான்ஸ்மிஷனில் தொழிற்சாலை கொடுத்த அதே 12 அங்குலக் கன்வர்ட்டர். ஒரு சனிக்கிழமை மாலை பர்மிங்ஹாமிலிருந்து ஃபெர்ன்டேல் வரை வுட்வர்ட் அவென்யூவில் என்னை ஓட்டச் சொன்னார். 1909இல் ஒரு மைலுக்கு கான்கிரீட் போட்டு, நாட்டுக்கே முன்மாதிரியான சாலை அது. அறுபதுகளில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்த இடம். 1995 முதல் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை ட்ரீம் க்ரூஸ் போகும் சாலையும் இதுதான். மற்ற நாள்களில் சாதாரணப் போக்குவரத்து: சிக்னல், நாற்பது நாற்பத்தைந்து மைல் வேகம், மறுபடி சிக்னல்.

பார்க்கில் 950இல் ஆடிக்கொண்டிருந்த முள், கியரை டிரைவில் போட்டதும் 650க்குச் சரிந்தது. அணைந்துவிடுமோ என்று வலது கால் தானாக ஆக்ஸிலரேட்டரைத் தேடுகிறது, இடது கால் பிரேக்கை அமுக்கிப் பிடிக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே அவர் பொருத்தியிருந்த, வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜ் 9க்கும் 11க்கும் நடுவில் நடுங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் நல்ல ஸ்டாக் இன்ஜினில் அது 18, 20 காட்டும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் இருக்கிறது. முதல் மிதிக்கு பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. விட்டுவிட்டு உடனே இன்னொரு தடவை மிதித்தேன், பெடல் கல்லாகிவிட்டது. பச்சை விழுந்ததும் அழுத்தினேன். இன்ஜின் ஒரு கணம் முக்கியது, கார்புரேட்டர் பக்கம் ஒரு பெருமூச்சு, வண்டி நகர்ந்தது. பக்கத்திலிருந்த மினிவேன் நிதானமாக என்னைத் தாண்டிப் போனது. முள் 3,000ஐத் தொட்ட பிறகு நடந்தது வேறு: பின் டயர்கள் கீச்சிட, முதுகு இருக்கையோடு ஒட்ட, வண்டி பாய்ந்தது. அதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிட்டது. நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து, "மேல போனா பாருங்க, மேல போனா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேலே போகத்தான் சாலையில் இடமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவர் கேமைத் தொடவில்லை. 10 அங்குலக் கன்வர்ட்டர் ஒன்றை வரவழைத்து மாட்டினார், 3,000 ஸ்டால், அதாவது முழு மிதியில் இன்ஜினை 3,000 ஆர்.பி.எம். வரை ஏற விடுவது. கூடவே டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்குத் தனிக் கூலர். வசந்தத்தில், பனிக்காகச் சாலையில் போட்ட உப்பெல்லாம் கழுவிப் போன பிறகு அதே சாலையில் மறுபடி ஓட்டினேன். டிரைவில் போட்டால் முள் நூறு மட்டும் இறங்கி அங்கேயே நின்றது. பச்சை விழுந்ததும் மிதித்தால் இன்ஜின் நேரே தனக்குப் பிடித்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டு வண்டியைத் தள்ளியது. முக்கலும் இல்லை, பெருமூச்சும் இல்லை. இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் திருப்பாமல் வண்டியின் குணமே மாறியிருந்தது. வண்டியை ஓட்டும்போது நம் காலுக்குத் தெரிவது கன்வர்ட்டர்தான், கேம் அதற்குப் பின்னால்தான் வருகிறது என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

அப்புறம் ஐ-75 ஏறினோம். கணக்குப்படி 70 மைல் வேகத்தில் அந்தக் கியருக்கும் டயருக்கும் 2,900 வர வேண்டும். முள் 3,200இல் நின்றது. நடுவில் இருக்கும் அந்த முன்னூறு முழுக்கக் கன்வர்ட்டருக்குள் சறுக்கிச் சூடாகப் போகிறது. டிரான்ஸ்மிஷன் வெப்பமானி மெல்ல மெல்ல ஏறுவதை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தோம். 175 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இருந்தால் ஆயில் நீண்ட நாள் உழைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இங்கே டிரான்ஸ்மிஷன்காரர்கள் சொல்லும் கணக்கு. கேம் கேட்ட விலையை முன்பு சிக்னலில் கொடுத்தார். இப்போது ஹைவேயில் கொடுக்கிறார்.

ஹாஃப் கிளட்ச்

நம்மூரில் மேட்டில் வண்டியை எடுக்க ஹாஃப் கிளட்ச் பிடிப்போம் இல்லையா, ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது டார்க் கன்வர்ட்டர். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது, டிரான்ஸ்மிஷனோடு இணைந்த டர்பைன் அதை வாங்கிச் சுற்றுகிறது. நடுவில் உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி இம்பெல்லருக்கு உதவியாக அனுப்புகிறது. வண்டி நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது இதனால் இன்ஜினின் டார்க் ஏறத்தாழ இரண்டு மடங்காகி வெளியே வரும். டர்பைன் அசையாமல் நிற்க, முழு மிதியில் இன்ஜின் எவ்வளவு ஆர்.பி.எம். வரை ஏற முடியுமோ அதுதான் ஸ்டால்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 3,000 ஸ்டால் கன்வர்ட்டர் போட்டால் 3,000 வரும் வரை வண்டி நகராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஸ்டால் என்பது முழு மிதிக்கான எண். லேசாக மிதித்தால் அதே கன்வர்ட்டர் 1,500, 1,800லேயே வண்டியை நகர்த்தும், கொஞ்சம் சறுக்கலோடு. இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்டால் கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அது இன்ஜின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். 300 பவுண்ட்-அடி தரும் இன்ஜினுக்குப் பின்னால் 2,200 காட்டும் கன்வர்ட்டர், 250 தரும் இன்ஜினுக்குப் பின்னால் 2,000தான் காட்டும். அதே உருப்படியை 454 கன அங்குல இன்ஜினுக்குப் பின்னால் மாட்டினால் எகிறிவிடும். பெரிய கேம் என்ன செய்கிறது? கீழ் வேகத்து டார்க்கைக் குறைக்கிறது. ஆகவே அதிக ஸ்டால் தேவைப்படும் அதே இன்ஜின், இருக்கும் கன்வர்ட்டரின் ஸ்டாலையும் சேர்த்துக் கீழே இறக்குகிறது. ஷெவெலின் முதல் வருடக் கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம் என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சே எடுபடாமல் போவது இந்த இடத்தில்தான்.

சரி, எனக்கு எந்த ஸ்டால் வேண்டும்? கைபேசியை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டி, டாக்கோமீட்டரைப் படம்பிடித்துக்கொண்டு வழக்கமான வேலைகளுக்கு ஓட்டினேன். அலுவலகம், மளிகைக் கடை, ஞாயிற்றுக்கிழமை கோயில். இரவு அதை வேகமாக ஓட்டிப் பார்த்தால் படு போர். முள் பெரும்பாலும் 1,500க்கும் 2,300க்கும் இடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 45 மைல் வேகத்தில் என் 3.08 கியரும் 26 அங்குல டயரும் 1,800தான் கொடுக்கும். ஹைவேயில் 65இல் 2,600. 4,000ஐத் தாண்டியது ரேம்ப்பில் ஏறும் சில நொடிகள் மட்டும். 284 கேமின் அட்டை 2,300இல் தொடங்குகிறது என்று சொன்னேன் அல்லவா, என் வண்டியின் நாளில் பெரும்பகுதி அந்த எண்ணுக்குக் கீழே முடிந்துவிடுகிறது. கேட்லாக்கைவிட, ஆளுக்கு ஆள் சொன்ன யோசனைகளைவிட, இந்தப் படத்தை நான் நம்பினேன்.

அதனால் கன்வர்ட்டரை முதலில் முடிவு செய்தேன். செய்து தருபவரிடம் போனில் பேசினால் அவர் கேட்கும் கேள்விகளே பாதி வேலையை முடித்துவிடும்: வண்டி எடை என்ன, பின்கியர் என்ன, டயர் உயரம், கம்ப்ரெஷன், ஹைவேயில் எவ்வளவு நேரம், பந்தயத் தளத்துக்குப் போவீர்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் பலரும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள் என்று அவரே சிரித்தார். 65 மைலில் இன்ஜின் 2,600இல் ஓடும் வண்டிக்கு 3,000 ஸ்டால் போட்டால் எந்நேரமும் சறுக்கலில்தான் ஓட வேண்டும். இந்த டர்போ 350இல், கன்வர்ட்டரைப் பூட்டிச் சறுக்கலை நிறுத்தும் லாக்-அப் வசதியும் கிடையாது. 11 அங்குலம், சுமார் 2,200 ஸ்டால் என்று முடிவானது. அந்த ஸ்டாலுக்குக் கீழும் மேலும் எந்தக் கேம் நன்றாக இழுக்கும் என்று பின்னோக்கி வந்தால் 262தான் மிஞ்சியது. 0.469 லிஃப்ட் என்பதால் ஸ்டாக் ஹெட்டுக்கும் பெரிய வேலை வைக்கவில்லை. வால்வு ஸ்பிரிங் மாற்றி, ரீட்டெய்னருக்கும் கைடு சீலுக்கும் நடுவில் இடமிருக்கிறதா என்று அளந்துவிட்டு மூடினோம்.

முதல் ஸ்டார்ட்தான் வயிற்றைக் கலக்கும் நேரம். ஃப்ளாட் டாப்பெட் கேமை ஐடிலில் விடவே கூடாது. பற்றவைத்த உடனே 2,000க்கு மேல் கொண்டுபோய் இருபது நிமிடமாவது ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அப்போதுதான் லோபும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று படியும். லோபில் இருக்கும் மெல்லிய சரிவும் லிஃப்டர் அடியில் இருக்கும் லேசான குவிவும் சேர்ந்து லிஃப்டரைச் சுற்ற வைக்க வேண்டும், சுற்றாத லிஃப்டர் லோபைத் தின்றுவிடும். டைமிங்கைக் கிட்டத்தட்ட வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, துத்தநாகம் சேர்ந்த பிரேக்-இன் ஆயில் ஊற்றித் தயாராக இருந்தோம். எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு நடைபயிற்சி போய்த் திரும்பி வரும்வரை ஓடியது. அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்க மாட்டார்கள்.

இப்போது நோவா டிரைவில் 700இல் நிற்கிறது, வேக்கம் 15, பிரேக் எத்தனை தடவை மிதித்தாலும் பிரேக்காகவே இருக்கிறது. சிக்னலில் மிதித்தால் உடனே கிளம்புகிறது. சத்தம்? காது கொடுத்துக் கேட்டால் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் உண்டு, அவ்வளவுதான். நண்பர் ஹூடைத் திறந்து, பின்னால் போய் சைலன்சர் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு, "ஏனுங்க, இதுக்குப் பேசாம எலக்ட்ரிக் காரே வாங்கியிருக்கலாமுங்க" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ட்ரீம் க்ரூஸ் நாளில் அந்தச் சாலையில் யாரும் ஐம்பது மைலில் போவதில்லை. நடக்கிற வேகத்தில் நகர்ந்து நகர்ந்து, கேட்கப்படுவதற்காகவே வருகிறார்கள். அதற்காகவே வண்டி வைத்திருப்பவர் சத்தத்துக்குக் கேம் வாங்குவதில் என்ன தப்பு? லோப் செபரேஷனை 107க்குக் குறுக்கி, ஓவர்லாப்பை வேண்டுமென்றே கூட்டி, ஐடில் சத்தத்துக்கென்றே விற்கும் தம்ப்பர் என்ற கேம் வரிசையே இருக்கிறது. சத்தம்தான் சரக்கு என்று பெயரிலேயே சொல்லிவிடுவதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் அதே வண்டி என்று சொல்லிக்கொண்டு, ஸ்டாக் கன்வர்ட்டரையும் 3.08 கியரையும் வைத்துக்கொண்டு 284 மாட்டுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இப்போது எங்களுக்குள் சண்டை பின்கியரைப் பற்றி. இந்த ஆக்ஸிலில் பற்சக்கரத்தைத் தாங்கும் கேரியரை மாற்றாமல், ரிங், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களை மட்டும் மாற்றினால் 3.42 போடலாம், 3.73உம் போடலாம். 3.42 போட்டால் 65 மைலில் 2,600 இருந்த இடத்தில் 2,900 வரும். கன்வர்ட்டர் இன்னும் கொஞ்சம் இறுகலாக ஓடும், வுட்வர்டில் முள் 2,000 பக்கம் இருக்கும். அவர் 3.73 என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆனால் அது 3,100ஐத் தாண்டும், ஹைவேயில் ரேடியோ கேட்காது. நான் 3.42க்கு மேல் போவதாக இல்லை. நவம்பரில் வண்டியை உள்ளே ஏற்றியதும் ஆர்டர் போடுகிறேன், அதுவரை அவர் பேசிக்கொண்டிருக்கட்டும்.